காருக்குள் பெட்ரோல் வாடை: எங்கே என்று தேடும் முன் எப்போது என்று பாருங்கள்

இந்த இதழில் ஒரே புகாரைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறோம்: காருக்குள் எரிபொருள் வாடை. எழுதியவர்கள் பெரும்பாலும் "எங்கிருந்து வருகிறது?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் "எப்போது வருகிறது?" என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் நிரப்பியதுமா, காலையில் முதல் செல்ஃப் அடிக்கும்போதா, சிக்னலில் நிற்கும்போதா, ஏசி காற்றோடு சேர்ந்தா? இதைத் தெளிவாகச் சொன்னால் மெக்கானிக்கின் வேலையில் பாதி முடிந்தது. இன்னொன்று: காருக்குள் சில நிமிடம் உட்கார்ந்தால் மூக்கு பழகிவிடும், வாடையே இல்லை என்று தோன்றும். இரவு முழுக்கக் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரை, காலையில் வேறொருவரைத் திறக்கச் சொல்லி மோந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்கதவைத் திறந்தால் அதிகமா, பின்கதவைத் திறந்தால் அதிகமா, டிக்கியிலா என்று அவரால் சொல்ல முடியும்.

கே: எங்களுடையது 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். டேங்க் ஃபுல் பண்ணினால் இரண்டு மூன்று நாளுக்கு உள்ளே பெட்ரோல் வாடை. பாதி டேங்க் ஆனதும் தானாகப் போய்விடுகிறது. பின்சீட்டில் உட்காரும் பிள்ளைகள் தலைவலி என்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஏசி ஃபில்டர் மாற்றி, ஏசி கிளீனிங்கும் செய்தார்கள். வாடை அப்படியேதான் இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

ப: ஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வந்து, பாதியானதும் போகிற வாடை என்றால் கசிவு டேங்கின் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. அடியில் ஓட்டை இருந்தால் கடைசி லிட்டர் வரை ஒழுகும்.

மேல்பக்கத்தில் சந்தேகப்பட மூன்று இடங்கள் உண்டு. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இறங்கும் வாயில் இருக்கும் ரப்பர் ரிங், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு வரும் தடித்த ரப்பர் ஹோஸ், அதன் பக்கத்திலேயே ஓடும், டேங்கின் காற்று வெளியேறுவதற்கான மெல்லிய பிரீதர் ஹோஸ். பத்து வருடத்தைத் தாண்டிய காரில் மூன்றுமே காய்ந்து வெடித்திருக்கலாம். உங்கள் பிள்ளைகள் பின்சீட்டில் இருப்பதால் முதல் சந்தேகம் பம்ப் ரிங் மேல்தான். பல ஹேட்ச்பேக் கார்களில் பின்சீட்டின் உட்காரும் பகுதியைத் தூக்கினால், அடியில் தகரத்தில் ஒரு வட்ட மூடி இருக்கும். அதற்கு நேர் கீழே பம்ப். மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை விட்டுப்போயிருந்தால், டேங்க் மேலிருக்கும் ஆவி நேராகப் பிள்ளைகளின் காலடிக்கு வந்துவிடும்.

சோதிப்பது சுலபம். டேங்க் நிரப்பிய மறுநாள், திறந்த வெளியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது சீட்டைத் தூக்கி அந்த மூடியைக் கழற்றுங்கள். வாடை குப்பென்று அடித்தால் இடம் தெரிந்துவிட்டது. டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பம்பின் மேல் உலர்ந்த தூசி சீராகப் படிந்திருக்கும். கசியும் பம்பில் ரிங்கைச் சுற்றி மட்டும் தூசி நனைந்து கருத்து, பிறை வடிவில் கறையாகத் தெரியும். ரிங் சரியாக இருந்து, பம்பிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக் பைப்பின் கனெக்டர் அடியில் ஈரம் இருந்தால் குற்றவாளி அந்தக் கனெக்டர். சில சமயம் பம்பின் பிளாஸ்டிக் தலையிலேயே மயிரிழை வெடிப்பு இருக்கும். அதற்கு ஒட்டு வேலை கிடையாது, பம்ப் அசெம்பிளி மாற்றத்தான் வேண்டும்.

ரிங் மாற்றுவதென்றால் டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள், தானாக அணையும். அதன் பிறகு இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்தால் லைனில் மிச்சமிருக்கும் அழுத்தமும் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் கனெக்டரைக் கழற்றினால் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பிறகு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். நான்கு கதவும் திறந்திருக்கட்டும். பம்பைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் விழுந்து ஃபில்டரை அடைக்கும். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டவே கூடாது, பொறி பறக்கும். பித்தளைத் துண்டையோ கட்டை மரத்தையோ வைத்துத் தட்டுங்கள். பம்பை நேராகத் தூக்காமல் கொஞ்சம் சாய்த்து எடுத்தால் ஃப்ளோட் கம்பி வளையாது. வளைந்தால் அப்புறம் மீட்டர் தப்புக் காட்டும்.

பழைய ரிங்கை வெளியே எடுத்ததும் அது ஊதிப் பெரிதாகிவிடும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது. அதை அமுக்கி உட்காரவைத்து மேலே காஸ்கெட் பேஸ்ட் தடவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி ஜெல்லியாகிவிடும். பிசிறுகள் உள்ளே விழுந்து பம்பின் வலையை அடைக்கும். கம்பெனி ரிங் சில நூறு ரூபாய்தான், புதிது போடுங்கள். முடித்ததும் சாவியை ஆன் செய்து மூன்று விநாடி, ஆஃப், மறுபடி ஆன் என்று நாலைந்து முறை செய்து, அழுத்தம் ஏறியபின் ஈரம் இருக்கிறதா பாருங்கள். தகர மூடியைப் புதுப் பியூட்டைல் பசை வைத்து மூடுங்கள். டேங்கைக் கீழே இறக்கித்தான் பம்பை எடுக்க முடியும் என்ற அமைப்புள்ள கார் என்றால் இதை வீட்டில் முயல வேண்டாம்.

பம்ப் பக்கம் உலர்ந்திருந்தால் பின் சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் லைனரைக் கழற்றி ஃபில்லர் ஹோஸைப் பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கிளிப் இறுகியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஹோஸைக் கையால் மடக்கினால்தான் வெடிப்பு வாய் திறக்கும்.

பிள்ளைகளின் தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள். நம் நாட்டு பி.எஸ்.-6 (வாகனப் புகை மாசுக்கான அரசுத் தரநிலை) பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். வேலை முடியும் வரை அரை டேங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கே: பங்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் போடச் சொல்வது என் வழக்கம். இப்போதெல்லாம் பெட்ரோல் போட்டவுடன் வண்டி லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்து நாலைந்து செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. காரின் பின்பக்கம் வாடையும் அடிக்கிறது.
– வாசகர், திருப்பூர்

ப: இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கேனிஸ்டரைத்தான் பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் கரி டப்பா என்று சொல்லும் பொருள் இது. டேங்கில் உருவாகும் ஆவி வெளியே போகாமல் இந்த டப்பாவில் இருக்கும் கரித்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடானதும் பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை எஞ்சின் இழுத்து எரித்துவிடும். கரி பிடித்துவைப்பது ஆவியைத்தான், பெட்ரோலை அல்ல. ஆட்டோ கட் ஆன பிறகு நீங்கள் போடச் சொல்லும் அரை லிட்டரும் ஒரு லிட்டரும் ஆவி போகும் வழியில் ஏறி, திரவமாகவே டப்பாவுக்குள் போகிறது. கரி ஊறி உதிர்ந்து தூளாகும். அந்தத் தூள் பைப் வழியாக வந்து பர்ஜ் வால்வின் வாயில் உட்கார்ந்தால் வால்வு மூடாது. அப்புறம் பெட்ரோல் போட்டதும் டேங்கிலிருந்து கிளம்பும் ஆவி முழுவதும் நேராக எஞ்சினுக்குப் போகிறது. கலவையில் பெட்ரோல் அளவுக்கு மேலாகி ஸ்டார்ட்டிங் அடம்பிடிக்கிறது.

பர்ஜ் வால்வு பானெட்டுக்கு அடியில், எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டு பக்கத்தில் இருக்கும். இரண்டு மெல்லிய ஹோஸ், ஒரு சாக்கெட். எஞ்சின் ஆறியிருக்கும்போது கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, வால்வின் வாயில் கட்டைவிரலை வையுங்கள். இழுக்கவே கூடாது. குளிர்ந்த எஞ்சினில் இழுத்தால் வால்வு மூடாமல் நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சின் சூடானபின் விட்டு விட்டு இழுப்பதுதான் சரி. மல்டிமீட்டர் இருந்தால் வால்வின் இரு பின்களுக்கு இடையே அளந்து பாருங்கள், பெரும்பாலும் 20 முதல் 35 ஓம் வரை காட்டும். ஸ்கேனரில் பி0441 அல்லது பி0443 என்ற கோளாறு எண் வந்திருந்தாலும் இந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

வால்வைக் கழற்றியதும் ஒரு வெள்ளைத் தாளில் தட்டுங்கள். கறுப்புத் துகள் கொட்டினால் வால்வை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, கேனிஸ்டரும் போய்விட்டது. புது வால்வும் சில வாரத்தில் அடைத்துக்கொள்ளும். கேனிஸ்டரைக் கழற்றி ஆட்டும்போது உள்ளே திரவம் குலுங்கினாலும் அதே முடிவுதான். சிலர் அதை வெயிலில் காயவைத்து மாட்டிக் கொடுப்பார்கள், உதிர்ந்த கரி காய்ந்தாலும் உதிர்ந்த கரிதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. டேங்க் காலியாக இருக்கும்போதே பங்கில் நாசில் டக் டக் என்று திரும்பத் திரும்பக் கட் ஆகிறது என்றால் பங்க்காரரைத் திட்ட வேண்டாம். கேனிஸ்டரின் காற்றுத் துளை மண்ணாலோ சிலந்திக் கூட்டாலோ அடைபட்டிருக்கலாம். டேங்கிலிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் பெட்ரோல் எதிர்த்து வருகிறது.

முதல் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டான தொகை வேண்டுமென்றால் தொகையை முதலிலேயே மெஷினில் அழுத்தச் சொல்லலாமே! டேங்க் கொள்ளாத தொகையாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கே: காலையில் ஸ்டார்ட் செய்து முதல் ஐந்து நிமிடம் ஏசி வழியாகப் பெட்ரோல் வாடை வருகிறது. பிறகு குறைந்துவிடும். கார் வீட்டு வாசலில் மரத்தடியில் நிற்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

ப: முன்பக்கக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கறுப்பு ஜாலி வழியாகத்தான் ஏசி வெளிக்காற்றை இழுக்கிறது. அந்த ஜாலி பானெட்டின் பின்விளிம்பை ஒட்டியே இருப்பதால் எஞ்சின் பக்கத்து வாடை எதுவாக இருந்தாலும் முதலில் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். ரீசர்குலேஷன் பட்டனை அழுத்தியதும் வாடை குறைந்தால் கசிவு எஞ்சின் பக்கம். அழுத்தியும் மாறாவிட்டால் பின்பக்கம் போய்த் தேடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டு சாத்தியம். ஒன்று, எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே உள்ளது, எல்லா இஞ்செக்டருக்கும் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃப்யூவல் ரெயிலில் உட்காரும், பெட்ரோல் வெளியே கசிவது அதன் வழியாக. வயதான ரப்பர் குளிரில் சுருங்கி நிற்கும், எஞ்சின் சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் வாடை போய்விடுகிறது. மாலையில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கையே செய்யச் சொல்லுங்கள். இஞ்செக்டர் கழுத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து, சாவியை ஆன் செய்து பம்பை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தால் எந்த சிலிண்டர் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஒன்று போயிருந்தால் மற்றவற்றுக்கும் அதே வயதுதான், செட்டாக மாற்றுங்கள். ஓ-ரிங் 'விட்டான்' (Viton) வகை ரப்பராக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண நைட்ரைல் ரிங் அளவில் பொருந்தும், ஆனால் உழைக்காது. மாட்டும்போது ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவுங்கள். வறட்டு ரிங் உருண்டு கிழிந்துவிட்டால், போன கசிவைவிடப் பெரிய கசிவு புதிதாக வந்து சேரும். இதெல்லாம் சிலிண்டருக்கு வெளியே, இன்டேக் வழியில் பெட்ரோலைப் பீய்ச்சும் சாதாரண எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுக்கு. டைரக்ட் இஞ்செக்‌ஷன் எஞ்சினில் ரெயில் அழுத்தம் 100 பாரைத் தாண்டும், அதில் கைவைக்க வேண்டாம்.

இரண்டாவது சாத்தியம் எலி. மரத்தடியில் நிற்கும் கார் என்பதால் சொல்கிறோம். பானெட்டுக்கு அடியில் புழுக்கை, கடித்த பஞ்சு, தேங்காய் நார் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். வயரை மட்டுமல்ல, ரெயிலுக்கு வரும் பெட்ரோல் ஹோஸையும் எலி கடிக்கும். பல் பதிந்த ஹோஸைப் பார்த்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். ஹோஸ் மாற்றும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்றால் கார்புரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்த ஹோஸ். இஞ்செக்‌ஷன் வண்டிக்கு ஆர்9 வேண்டும். டேங்குக்குள் மூழ்கி இருக்கும் ஹோஸுக்கு அதுவும் போதாது, ஆர்10தான். ஆர்9 ஹோஸின் உட்பக்கம் பெட்ரோலைத் தாங்கும், வெளித்தோல் பெட்ரோலில் ஊறினால் தாங்காது.

குளிர்ந்த எஞ்சின் முதல் ஒரு நிமிடம் அதிகப் பெட்ரோல் குடிக்கும். அப்போது சைலன்சர் பக்கம் லேசாக வாடை இருப்பது இயல்பு. அது உள்ளே வந்து ஐந்து நிமிடம் தங்குவது இயல்பல்ல.

கே: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் இந்த வாடைப் பிரச்சினை என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், மதுரை

ப: பாதி உண்மை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20-க்கு ஏற்றவை. அதற்கு முந்தைய கார்களில் எத்தனால் சில வகை ரப்பரை ஊதவைக்கும், பிறகு காயும்போது வெடிக்கவைக்கும். பழைய வண்டிகளில் 20,000 - 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் காஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. ஆனால் 12 வருட ஹோஸ் வெடித்ததற்கு இ20 மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது, அதன் ஆயுள் ஏற்கெனவே முடிந்திருக்கும். எது காரணமானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அந்தப் பாகத்தை மாற்றுவது. இ20 மேல் பழியைப் போட்டு, இடத்தைத் தேடாமல் அனுப்பிவிடும் ஒர்க்‌ஷாப்பை மாற்றுங்கள்.

கே: டீசல் கார். போன சர்வீஸில் டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து உள்ளே டீசல் வாடை. அதோடு, ஆயில் கேஜில் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?
– வாசகர், சேலம்

ப: பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

வாடை ஃபில்டர் மாற்றிய பிறகு வந்ததென்றால் முதலில் ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் ரிங் ஹவுசிங்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, புதியதை அதன் மேல் வைத்து முடுக்கியிருக்கலாம். அடியில் தண்ணீர் வடிக்கும் பிளக் சரியாக இறுகாமல் இருக்கலாம், அல்லது ஸ்பேனர் போட்டு அளவுக்கு மீறி முடுக்கிப் பிளாஸ்டிக் கீறியிருக்கலாம். பிளக்கைக் கையால் இறுக்கினாலே போதும். மாற்றும்போது கொட்டிய டீசலைத் துடைக்காமல் விட்டிருந்தாலும் வாரக்கணக்கில் வாடை இருக்கும், டீசல் பெட்ரோலைப்போல ஆவியாகிப் போகாது. அதனால் முதலில் அந்த இடத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, ஃபில்டரைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, ஒரு நாள் ஓட்டிவிட்டுத் துணியைப் பாருங்கள். துணி நனையாவிட்டால் வாடை பழைய டீசலுடையது.

துணி நனையாமல் வாடையும் தொடர்ந்தால் இஞ்செக்டர் தலையில் இருக்கும் ரிட்டர்ன் லைனைப் பாருங்கள். சில எஞ்சின்களில் அது துணி உறை போட்ட மெல்லிய ரப்பர் ஹோஸ், சிலவற்றில் பிளாஸ்டிக் கனெக்டரும் குட்டி ஓ-ரிங்கும். கசிந்தால் இஞ்செக்டரைச் சுற்றியுள்ள குழியில் டீசல் தேங்கி நிற்கும். அதே இடத்தில் டீசல் வாடைக்குப் பதில் புகை வாடையும், 'சஃப் சஃப்' என்று சத்தமும், தார் போல இறுகிய கரியும் இருந்தால் இஞ்செக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாஷர் போய்விட்டது. அந்த வாஷரைச் சுரண்டித் திரும்பப் போடக் கூடாது. உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துருவி எடுத்து, புது வாஷர் வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது, இஞ்செக்டர்களுக்கு உயர் அழுத்த டீசலைக் கொண்டுபோகும் காமன் ரெயில் பைப்புகளின் மேல் விரலை ஓட்டிக் கசிவைத் தேடாதீர்கள். ஐட்லிங்கிலேயே அழுத்தம் 200 பாரைத் தாண்டும், மிதித்தால் 1,600 பார் அளவுக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே டீசலை ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலே போகும் அளவுக்குச் சிக்கலாகும். தேடுவதென்றால் நீளமான அட்டையை நீட்டிப் பாருங்கள்.

இனி ஆயில். உங்களுடையது பி.எஸ்.-6 டீசல் என்றால் சைலன்சர் பக்கம் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி இருக்கும். அதில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலை விடும். ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் அந்த வேலை பாதியில் நின்று, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். அளவு மேக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். வாரத்தில் ஒரு நாள் பைபாஸில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட்டுங்கள். டி.பி.எஃப். இல்லாத பழைய டீசலில் ஆயில் ஏறினால் இஞ்செக்டர் ஒழுகலையோ பம்ப் சீலையோ சந்தேகிக்க வேண்டும்.

கே: அப்பா காலத்துப் பிரீமியர் பத்மினி காரைப் பராமரித்து வருகிறேன். கராஜைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாகிவிட்டது.
– வாசகர், காரைக்குடி

ப: டிப்ஸ்டிக்கை எடுத்து ஒரு சொட்டு ஆயிலை டிஷ்யூ தாளில் விட்டு மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் எஞ்சின் பக்கவாட்டில் உள்ள மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, பெட்ரோல் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்குகிறது. அப்படியிருந்தால் அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள், கிராங்க் கேஸ் முழுக்க ஆவி நிறைந்திருக்கும். பம்புக்கு ரிப்பேர் கிட் போட்டு, ஆயிலை மாற்றிய பிறகே செல்ஃப்.

ஆயில் சுத்தமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வையும் ஃப்ளோட்டையும் (மிதவை). கார்புரேட்டர் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் ஒரு சுத்தமான டியூப் மாட்டி ஊதுங்கள். ஃப்ளோட்டின் எடையில் நீடில் மூடியிருக்கும்போது காற்று போகக் கூடாது. போனால் நீடிலையும் சீட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து உள்ளே திரவம் குலுங்கினால் அது பொத்தல், மிதக்காது. பித்தளை ஃப்ளோட்டுக்கு ஈயம் வைப்பார்கள், ஆனால் உள்ளே ஒரு துளி பெட்ரோல் இருந்தாலும் சூடு பட்டதும் வெடிக்கும். புதிது கிடைத்தால் புதிதே போடுங்கள். வெயில் காலத்தில் ஓட்டி வந்து நிறுத்தியதும் சில நிமிடம் வாடை வருவது பற்றிக் கவலை வேண்டாம். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் எஞ்சின் சூட்டில் ஆவியாவதுதான். மறுநாள் காலையிலும் இருந்தால்தான் கோளாறு.

கே: ஜெனரேட்டருக்கு வாங்கிய பெட்ரோல் கேன் டிக்கியில் சாய்ந்து ஒரு லிட்டர் போலக் கொட்டிவிட்டது. சோப்புத் தண்ணீர், பெர்ஃப்யூம், கடைசியில் சாம்பிராணிப் புகை வரை போட்டுப் பார்த்தோம். வாடை போகவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

ப: சாம்பிராணி போட்டபோது ஒன்றும் ஆகாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, டிக்கியின் பள்ளத்தில் தங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். நெருப்பு, ஊதுபத்தி மட்டுமல்ல, வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம். அது இழுக்கும் காற்று மோட்டார் பொறி வழியாகப் போகிறது.

மேலே கழுவியும் வாடை போகாததற்குக் காரணம் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு அல்லது ஃபெல்ட். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, டிக்கி கார்ப்பெட்டை முழுவதும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னியையும் எடுங்கள். ஸ்டெப்னிக் குழியின் அடியில் ரப்பர் அடைப்பான் இருந்தால் கழற்றிவிட்டால் தேங்கியது வடிந்து காற்றோட்டமும் கிடைக்கும். தகரத்தைப் பாத்திரம் துலக்கும் லிக்விட் கலந்த வெந்நீரால் இரண்டு முறை துடையுங்கள். கார்ப்பெட்டை அதே கரைசலில் தேய்த்து அலசி இரண்டு நாள் வெயிலில் காயப் போடுங்கள். ஃபெல்ட் நன்றாக ஊறியிருந்தால் அதைக் காப்பாற்றும் முயற்சியை விட்டுவிட்டுப் புதிது வெட்டிப் போடுவது நல்லது. எல்லாம் காய்ந்த பிறகு மிச்ச வாடைக்கு அரைக் கிலோ சமையல் சோடாவைப் பரப்பி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பிரஷ்ஷால் கூட்டி எடுங்கள். பெட்ரோல் துடைத்த துணிகளைக் குப்பைத் தொட்டியில் திணிக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒரு வாரத்துக்குப் பிறகு வாடை இருந்தால், கொட்டியது ஒரு பக்கம், கசிவு இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டு ஈரோடு வாசகிக்குச் சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

கே: சி.என்.ஜி. கிட் போட்ட காரில் லேசாக கேஸ் வாடை. பெட்ரோல் வாடை மாதிரியே இதையும் தேடலாமா?
– வாசகர், சென்னை

ப: தேடும் முறை வேறு. சி.என்.ஜி. காற்றைவிட லேசானது, மேலே ஏறும். கண்ணாடியை இறக்கினால் சீக்கிரம் போய்விடும். ஆட்டோ எல்.பி.ஜி. அப்படியல்ல, கனமானது, தரையில் தங்கும். மூடிய பார்க்கிங்கில் நிற்கும் எல்.பி.ஜி. காரில் வாடை வந்தால் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, காரைத் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும்.

இரண்டிலுமே முதல் வேலை சிலிண்டரின் கை வால்வை வலப்பக்கம் திருகி மூடுவது. சாவியைப் போடாதீர்கள். நீங்களாகச் செய்யக்கூடியது சோப்பு நுரைச் சோதனை மட்டும்: வால்வு இணைப்பு, பானெட்டுக்கு அடியில் கேஸ் நிரப்பும் முனை, கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசரைச் சுற்றிய ஹோஸ்கள் என்று ஒவ்வொன்றாக நுரை தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். குமிழ் வந்த நட்டை நீங்களே முடுக்க வேண்டாம், சி.என்.ஜி.யில் உள்ளே 200 பார் வரை அழுத்தம் இருக்கும். கிட் போட்ட அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு, பெட்ரோலில் ஓட்டிக்கூடப் போகாமல், ஆளை வரவழைத்துக் காட்டுங்கள். சிலிண்டரின் தகட்டில் கடைசியாக ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) செய்த தேதியையும் அப்போதே பாருங்கள். சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனை கட்டாயம்.

கே: பின் கண்ணாடியை இறக்கினால் மட்டும் வாடை வருகிறது. ஏற்றினால் இல்லை.
– வாசகர், நாகர்கோவில்

ப: அது சைலன்சர் புகை. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறையும், புகை அங்கே சுழன்று திறந்த கண்ணாடி வழியாகவோ கிழிந்த டிக்கி ரப்பர் வழியாகவோ உள்ளே வரும். டிக்கி ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வரும் இடம்தான் ஓட்டை. புகையில் பச்சைப் பெட்ரோல் வாடை இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பிளக் அல்லது இக்னிஷன் காயில் சரியாக வேலை செய்யவில்லை, பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. ஐட்லிங்கில் வண்டி உதறுகிறதா பாருங்கள். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெட்டுவிடும், அதன் விலையோடு ஒப்பிட்டால் பிளக் செட் ஒன்றுமில்லை. சைலன்சர் இணைப்புகளில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். புகையோடு உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்க வேண்டாம்.